எண்ணைச் சுமக்கும் சொல் எது? ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் ஒருமையும் பன்மையும்

ஆங்கில வகுப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளில் சிவப்பு மை மிகுதியாகப் படியும் இடங்களுள் ஒன்று, பெயர்ச்சொல்லின் ஈற்றில் வரவேண்டிய 'எஸ்' என்னும் ஓரெழுத்து. 'ஃபைவ் புக்ஸ்' என வரவேண்டிய இடத்தில் 'ஃபைவ் புக்' என்று எழுதிய மாணவருக்குக் கவனக்குறைவு என்னும் குறிப்பு கிடைக்கிறது. அதே மாணவர் தமிழ் வகுப்பில் 'மரங்கள் விழுந்தது' என்று எழுதுகிறார். அங்கும் ஒருமை பன்மை மயக்கம் என மதிப்பெண் குறைகிறது. இரண்டு வகுப்பிலும் ஒரே பிழையைச் செய்பவராக அவர் தோன்றுகிறார். இதைக் கண்ட பெற்றோர் சிலர், வீட்டில் தமிழ் பேசுவதுதான் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கும் வந்துவிடுகின்றனர்.

இவை இரண்டும் ஒரே பிழை அல்ல. முதற்பிழை பெயர்ச்சொல்லில் நிகழ்கிறது. இரண்டாம் பிழை வினைமுற்றில் நிகழ்கிறது. ஆங்கிலமும் தமிழும் எண் என்னும் சுமையை வாக்கியத்தின் வெவ்வேறு சொற்களின் மீது ஏற்றுகின்றன. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் ஒருமை பன்மையைக் கற்பிப்பதும் கற்பதும் எளிதாகும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உலகத்து எண்ணும் இலக்கணத்து எண்ணும்

ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள்களை எண்ணும் ஆற்றல் எல்லா மக்களுக்கும் பொது. ஆனால் அந்த எண்ணிக்கையைச் சொல்லின் வடிவத்தில் காட்டும் முறை மொழிக்கு மொழி மாறும். தமிழில் ஒருமை, பன்மை என இரண்டே எண்கள். வடமொழியிலும் அரபு மொழியிலும் இரண்டு பொருள்களைக் குறிக்கும் இருமை என மூன்றாவது எண்ணும் உண்டு. பழைய ஆங்கிலத்திலும் 'நாம் இருவர்', 'நீங்கள் இருவர்' எனப் பொருள்படும் தனி இருமைப் பதிலிப்பெயர்கள் இருந்து, பின்னர் வழக்கொழிந்தன.

நம் வட்டாரத்தில் இதற்கான சான்றுகள் அன்றாடம் காதில் விழுகின்றன. மலாய் மொழியில் 'புக்கு' என்பது ஒரு நூலையும் குறிக்கும். பல நூல்களையும் குறிக்கும். பன்மையை வெளிப்படக் கூற விரும்பினால் 'புக்கு-புக்கு' என இரட்டிக்கலாம். ஆனால் எண்ணுப்பெயர் முன்னே வந்துவிட்டால் இரட்டிப்பதில்லை. 'லீமா புவா புக்கு' என்றாலே ஐந்து நூல்கள் என்பது விளங்கிவிடும். இரட்டித்து வரும் சொல்லெல்லாம் பன்மையும் அன்று. 'குரா-குரா' என்பது ஒற்றை ஆமைக்கும் பெயர்தான். சீன மொழியில் 'மென்' என்னும் பன்மை ஒட்டு உண்டு. அது பெரும்பாலும் மக்களைக் குறிக்கும் சொற்களோடும் பதிலிப்பெயர்களோடும் மட்டுமே சேரும். பொருள்களைக் குறிக்கும் சொற்களோடு சேராது.

ஆகவே 'ஃபைவ் புக்' என்று எழுதும் மாணவர், ஐந்து என்பது ஒன்றைவிட மிகுதி என்பதை அறியாதவர் அல்லர். ஐந்து என்று கூறிய பின்னரும் அதனையே மீண்டும் பெயர்ச்சொல்லில் கூறவேண்டும் என்னும் ஆங்கிலத்தின் கட்டாயம் அவருக்குப் புதிது. அவ்வளவுதான்.

2. தமிழில் எண் எங்கே நிற்கிறது?

தமிழ்ப் பெயர்ச்சொற்களின் எண்ணைத் திணையோடு சேர்த்தே நோக்கவேண்டும். உயர்திணையில் எண் கட்டாயமானது. 'ஐந்து மாணவன்' என்று எவரும் கூறார். 'ஐந்து மாணவர்' அல்லது 'ஐந்து மாணவர்கள்' என்பதே வழக்கு. அஃறிணையில் அக்கட்டாயம் இல்லை. 'ஐந்து மரம்' என்பதும் வழக்கு. 'ஐந்து மரங்கள்' என்பதும் வழக்கு. தொல்காப்பியம் 'கள்' விகுதியை அஃறிணைப் பெயருக்கு உரியதாகவே கூறுகிறது. அங்கும் அதனை எல்லா இடத்தும் வந்தே தீரவேண்டியதாகக் கூறவில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர்கள் என்பது நம் இலக்கண மரபு.

பெயர் பால்பகாமல் நிற்குமாயின், ஒன்றா பலவா என்பதை எப்படி அறிவது? வினைமுற்று அதனை அறிவிக்கும். 'பறவை வந்தது' என்றால் ஒன்று. 'பறவை வந்தன' என்றால் பல. இரண்டு தொடரிலும் பெயர் மாறவில்லை; எண்ணைச் சுமப்பது வினையின் விகுதி.

ஆனால் இன்றைய பேச்சுத்தமிழில் அஃறிணை வினையின் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. 'பறவை வந்துச்சு' என்கிறோம். 'பறவைங்க வந்துச்சு' என்றும் கூறுகிறோம். 'வந்தன' என்னும் வடிவத்தை நம் பிள்ளைகள் வீட்டில் கேட்பதில்லை; பள்ளியில்தான் கற்கின்றனர். 'மரங்கள் விழுந்தது' என எழுதும் மாணவர் பேச்சு வழக்கின் விதியை எழுத்து வழக்கிற்குக் கொண்டுவருகிறார். இது ஆங்கிலத்தால் விளைந்த பிழை அன்று, கவனக்குறைவும் அன்று.

3. ஆங்கிலத்தில் எண் எங்கே நிற்கிறது?

மேற்கண்ட இரு தொடர்களையும் ஆங்கிலத்தில் அமைத்துப் பார்ப்போம். 'தி பேர்ட் கேம்', 'தி பேர்ட்ஸ் கேம்' என அவை அமையும். இங்கே வினை மாறவில்லை. 'கேம்' என்னும் இறந்தகால வினை ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. எண்ணைக் காட்டுவது பெயரின் ஈற்றில் நிற்கும் 'எஸ்' ஒன்றே. அதனை விட்டுவிட்டால் வந்தவை பல என்பதை அத்தொடரிலிருந்து அறிய வழியே இல்லை. தமிழில் பெயரின் 'கள்' விடுபட்டாலும் வினை காப்பாற்றும். ஆங்கிலத்தின் இறந்தகாலத் தொடரில் அந்தக் காப்பு இல்லை. 'பி' என்னும் வினையின் 'வாஸ்', 'வேர்' ஆகிய வடிவங்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

நிகழ்காலத்தில் நிலைமை சற்று வேறு. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்' என்னும் தொடர்களில் வினையும் எண்ணைக் காட்டுகிறது. ஆனால் பெயரில் 'எஸ்' வந்தால் பன்மை. வினையில் 'எஸ்' வந்தால் ஒருமை. ஒரே எழுத்து இரு இடங்களில் இரு வேறு வேலைகளைச் செய்கிறது. இதனைத் தெளிவாகக் கூறாமல் 'எஸ் என்றால் பன்மை' என்று மட்டும் கற்பித்தால், 'தி பாய்ஸ் ரன்ஸ்' என எழுதும் மாணவரைக் குறைகூற முடியாது. அவர் தமக்குக் கற்பித்த விதியைப் பின்பற்றியிருக்கிறார்.

ஆங்கிலத்தின் எண் தனித்து வருவதும் இல்லை. 'திஸ்', 'தோஸ்', 'மெனி', 'மச்' முதலிய சுட்டுகளும் அளவுச்சொற்களும் எண்ணோடு பொருந்தவேண்டும். எண்ணத்தகும் பெயர் ஒருமையில் பொதுவாகத் தனித்து நிற்பதில்லை. 'ஐ சா டாக்' என்பது குறையுள்ள தொடர். 'எ டாக்', 'தி டாக்', 'டாக்ஸ்' என ஏதேனும் ஒரு வடிவத்தை எழுதுபவர் தேர்ந்தே ஆகவேண்டும். 'எனக்கு நாய் பிடிக்கும்' என்னும் தமிழ்த்தொடரை அப்படியே மாற்றி 'ஐ லைக் டாக்' என்றால், நாய் இறைச்சி பிடிக்கும் என்று பொருள்பட்டுவிடும். செல்லப்பிராணியை எண்ணிக் கூறுபவர் 'ஐ லைக் டாக்ஸ்' என்றே கூறவேண்டும். ஓரெழுத்தின் இன்மை பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு மாணவர் மறவாத சான்று இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலப் பன்மை என்பது 'பல' என்பதைவிட 'ஒன்று அல்லாதது' என்பதற்கே நெருக்கமானது. சுழியம் பன்மையைப் பெறும். 'ஸீரோ டிகிரீஸ்' என்பர். ஒன்றரையும் பன்மையைப் பெறும். 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்' என்பர். இரண்டு தொட்டுத்தான் பன்மை தொடங்கும் என்று நினைக்கும் மாணவருக்கு இவ்விரு சான்றுகளும் விதியின் எல்லையைக் காட்டும்.

4. எண்ணத்தகுவனவும் எண்ணலாகாதனவும்

ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றைக் கையாளும்போது முதலில் எழவேண்டிய கேள்வி, ஒருமையா பன்மையா என்பது அன்று. அது எண்ணத்தகும் பெயரா என்பதே. 'வாட்டர்', 'ரைஸ்' போன்றவை எண்ணலாகாப் பெயர்கள் என்பது எளிதில் விளங்கும். தண்ணீரை ஒன்று, இரண்டு என எண்ணுவதில்லை. இடர் விளைவிப்பவை 'ஃபர்னிச்சர்', 'லகேஜ்', 'எக்விப்மென்ட்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஹோம்வொர்க்' ஆகியவை. நாற்காலியையும் மேசையையும் எண்ணலாம். ஆயினும் அவற்றின் தொகுதிப்பெயராகிய 'ஃபர்னிச்சர்' பன்மை ஏற்காது. நம் அலுவலக அறிவிப்புகளில் 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்னும் வடிவங்கள் அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் தளவாடங்கள், கருவிகள், தகவல்கள், அறிவுரைகள், வீட்டுப்பாடங்கள் எல்லாமே எண்ணத்தக்கவை.

இதற்குக் காரணத்தைப் பொருள்களின் இயல்பில் தேடிப் பயனில்லை. 'வீட்' எனப்படும் கோதுமை ஆங்கிலத்தில் எண்ணலாகாப் பெயர். 'ஓட்ஸ்' எனப்படும் தானியமோ பன்மைப் பெயர். இரண்டும் மணிமணியான தானியங்களே. வேறுபாடு வயலில் இல்லை. மொழியின் வழக்கில் இருக்கிறது. எனவே இத்தகைய பெயர்களை ஒவ்வொன்றாகவே கற்கவேண்டும். எண்ணவேண்டிய தேவை எழுந்தால் அளவுச்சொல் துணைக்கு வரும்: 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லகேஜ்'. தமிழில் ஒரு குவளைத் தண்ணீர், இரண்டு கைப்பிடி அரிசி என்பதும் இதே முறைதான். மலாய் மொழியின் 'புவா' போன்ற எண்ணளவைச் சொற்களை அறிந்த மாணவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

வடிவமும் எண்ணும் மாறுபட்டு நிற்கும் பெயர்களும் உள. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' ஆகியவை 'எஸ்' என முடிந்தாலும் ஒருமை வினையையே கொள்ளும். 'சிசர்ஸ்', 'ட்ரவுசர்ஸ்' ஆகியவை ஒற்றைப் பொருளைக் குறித்தாலும் பன்மை வினையைக் கொள்ளும். பணத்தொகையை ஒரே அளவாகக் கருதும்போது 'டென் டாலர்ஸ் இஸ் இனஃப்' என ஒருமை வினை வரும். சிங்கப்பூரின் 'டாலர்' பன்மையில் 'எஸ்' பெறும். மலேசியாவின் 'ரிங்கிட்' ஆங்கிலத்திலும் 'ஃபைவ் ரிங்கிட்' என மலாய் மரபைப் பின்பற்றி மாறாமல் நிற்கும்.

5. ஓரெழுத்து, மூன்று ஒலி

எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் பன்மை விகுதி ஒலிப்பில் மூன்றாகப் பிரியும். 'கேட்' போல ஒலிப்பிலா மெய்யில் முடியும் சொல்லோடு ஒலிப்பிலா 'ஸ்' சேரும். 'டாக்', 'பேர்ட்' போல ஒலிப்புடைய மெய்யில் முடியும் சொல்லோடும், உயிரில் முடியும் சொல்லோடும், தொண்டை அதிர எழும் ஒலிப்புடைய 'ஸ்' சேரும். 'பஸ்', 'டிஷ்', 'சர்ச்' போல உரசொலியிலோ அதனை ஒத்த ஒலியிலோ முடியும் சொல்லோடு ஓர் உயிரொலியும் சேர்ந்து 'பஸ்ஸஸ்', 'டிஷஸ்', 'சர்ச்சஸ்' என்றாகும். நம் எழுத்துமுறை முதலிரண்டு ஒலிகளையும் ஒரே எழுத்தால் குறிப்பதால், அவற்றின் வேறுபாட்டைச் செவிவழியாகவே பயிற்றவேண்டும்.

இவ்விதி குழந்தைகளின் உள்ளத்தில் பதிந்திருப்பதை 1958ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இல்லாத ஒரு சிற்றுயிரின் படத்தைக் காட்டி, அதற்கு 'வக்' என்னும் புனைபெயரைக் கூறி, அது இரண்டானால் என்னவென்று அவர் சிறுவர்களிடம் கேட்டார். முன்பு கேட்டிராத அச்சொல்லுக்கும் பெரும்பாலோர் உரிய பன்மையைக் கூறினர். அதாவது அவர்கள் சொற்களை மனனம் செய்யவில்லை, விதியை அறிந்திருந்தனர். ஆனால் 'டாஸ்' என்பது போல உரசொலியில் முடிந்த புனைசொற்களில் பலர் விகுதி சேர்க்காமலே விட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவருக்கே மூன்றாம் வகை தாமதமாகத்தான் வசப்படுகிறது என்பது நம் ஆசிரியர்களுக்கு ஆறுதல் தரும் செய்தி.

நம் மாணவருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. பேச்சுத்தமிழ் சொல்லின் ஈற்றில் மெய்கள் அடுக்கி நிற்பதை விரும்புவதில்லை. 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்க்ஸ்' போன்ற சொற்களின் இறுதியில் மூன்று மெய்கள் தொடர்ந்து வருகின்றன. நாவு அவற்றுள் ஒன்றையேனும் நழுவவிடும். ஆகவே ஆசிரியர் ஒன்றைப் பிரித்தறிதல் நன்று. பேச்சில் விடுபட்டு எழுத்தில் சரியாக வருமாயின் அது ஒலிப்புச் சிக்கல். ஒலிப்புப் பயிற்சி போதும். எழுத்திலும் விடுபடுமாயின் அது இலக்கணச் சிக்கல். அதற்கு விளக்கம் தேவை.

6. விலக்குகளுக்கு உள்ள வரலாறு

'ஃபுட்' என்பதன் பன்மை 'ஃபீட்', 'ஷீப்' என்பதன் பன்மையும் 'ஷீப்', 'சைல்ட்' என்பதன் பன்மை 'சில்ட்ரன்' எனப் பட்டியலிட்டு மனனம் செய்யச் சொல்கிறோம். இவை பழைய விதிகளின் எச்சங்கள்.

பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல விகுதிகள் இருந்தன. அவற்றுள் ஒரு வகை ஆண்பாற் பெயர்களுக்கு உரியதாக இருந்த விகுதியே பின்னர் 'எஸ்' ஆகி, இடைக்கால ஆங்கிலத்தில் பிறவற்றை விலக்கிப் பரவிற்று. 'ஆக்ஸன்' என்பது தோற்ற விகுதி ஒன்றின் எச்சம். 'ஷீப்' என்பது விகுதியே பெறாத அலிப்பாற் பெயர் வகையைச் சேர்ந்தது. 'ஃபீட்', 'கீஸ்', 'மைஸ்' ஆகியவற்றின் வரலாறு சுவையானது. எழுத்துச் சான்றுகளுக்கு முற்பட்ட காலத்தில் அவற்றின் பன்மை விகுதியில் இகர ஒலி இருந்தது. அது முன்னிருந்த உயிரைத் தன்பால் ஈர்த்து மாற்றிற்று. பின்னர் விகுதி தேய்ந்து மறைந்தது. மாறிய உயிர் மட்டும் பன்மையின் அடையாளமாக எஞ்சிற்று. அடுத்த அசையின் உயிர் முந்தைய உயிரை மாற்றுவது நமக்கும் புதிதன்று. பேச்சில் 'இலை' என்பது 'எலை' ஆவதும் 'குடம்' என்பது 'கொடம்' ஆவதும் அவ்வகைப்பட்டவையே.

'சில்ட்ரன்' ஓர் இரட்டைப் பன்மை. முன்னரே பன்மையாக இருந்த வடிவத்தின் மீது, பன்மை போதவில்லை எனக் கருதியவர்கள் இன்னொரு விகுதியைச் சேர்த்தனர். தமிழில் இதற்கு நேரான சான்று 'மாணவர்கள்'. 'மாணவர்' என்பதே பலர்பால். அஃறிணைக்கு உரிய 'கள்' அதன்மேலும் ஏறிற்று. இம்மாற்றம் மிகப் பழையது. 'மற்றையவர்கள்' என்னும் வடிவம் திருக்குறளிலேயே உள்ளது. 'அவர்' என்பது மரியாதை ஒருமையாகவும் வழங்கத் தொடங்கிய பின், பலரைக் குறிக்க 'அவர்கள்' தேவைப்பட்டது.

சில வேளைகளில் மக்களே புதிய ஒருமையைப் படைத்ததும் உண்டு. பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்னும் பழஞ்சொல்லின் இறுதி ஒலி அச்சொல்லின் பகுதியே, விகுதி அன்று. அதனைப் பன்மை விகுதி எனக் கொண்டு, 17ஆம் நூற்றாண்டளவில் 'பீ' என்னும் ஒருமையை உருவாக்கினர். இன்று அதுவே சரியான வடிவம். மொழியின் வரலாற்றில் விதி எவ்வளவு வலிமையுடன் செயற்படுகிறது என்பதை இது காட்டும்.

7. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஆசிரியர்க்குப் பயன்படும் நான்கு கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, உயர்திணையிலிருந்து தொடங்குதல். மக்களைக் குறிக்கும் பெயர்களில் பன்மை கட்டாயம் என்பதைத் தமிழ் மாணவர் முன்னரே அறிவார். 'டீச்சர்ஸ்', 'கேர்ல்ஸ்' என்பவற்றில் தொடங்கி, தமிழ் உயர்திணைக்கு விதித்த கட்டாயத்தை ஆங்கிலம் எண்ணத்தகும் பெயர் அனைத்திற்கும் விதிக்கிறது என்று விளக்கினால், புதிய விதி பழைய விதியின் விரிவாகவே தோன்றும்.

இரண்டாவது, மூன்று கேள்விகளைப் பழக்குதல். இப்பெயர் எண்ணத்தகுமா? எண்ணத்தகுமாயின் ஒன்றா, ஒன்று அல்லாததா? கேட்பவர் அறிந்த குறிப்பிட்ட பொருளா, பொதுவானதா? இம்மூன்றிற்கும் விடை கிடைத்தால் 'எ', 'தி', 'எஸ்' ஆகியவற்றுள் எது வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மூன்றாவது, இறந்தகாலத் தொடர்களைக் கொண்டு பயிற்றுதல். அங்கே பெயரின் 'எஸ்' தவிர எண்ணைக் காட்ட வேறு துணை இல்லாததால், அதன் தேவையை மாணவர் தாமே உணர்வர்.

நான்காவது, எதிர்த்திசைத் தாக்கத்தைக் கவனித்தல். ஆங்கிலப் பன்மையில் பழகிய மாணவர் சிலர் தமிழில் 'பத்து வெள்ளிகள் கொடுத்தேன்', 'மூன்று மணிகள் படித்தேன்' என்று எழுதுகின்றனர். தமிழில் 'பத்து வெள்ளி', 'மூன்று மணி நேரம்' என்பனவே இயல்பான வழக்கு. எண்ணுப்பெயர் முன்வந்தபின் அளவைப்பெயருக்கு 'கள்' தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் 'எஸ்' விடுபடுவதைத் திருத்தும் அதே கவனத்தோடு, தமிழில் தேவையற்ற 'கள்' சேர்வதையும் திருத்தவேண்டும்.

தமிழ் பேசுவது ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்னும் அச்சத்திற்கு இதுவே மறுமொழி. தன் மொழியில் எண் வினையின் விகுதியில் நிற்கிறது என்பதைத் தெளிவாக அறிந்த மாணவர், ஆங்கிலத்தில் அது பெயரின் ஈற்றில் நிற்கிறது என்பதை ஒரே பாடத்தில் விளங்கிக்கொள்வார். தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மாணவரின் இரண்டு ஏடுகளையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்ப்பார்களாயின், எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பது இருவருக்கும் புலப்படும். அதன்பின் 'கவனக்குறைவு' என்று எழுதவேண்டிய இடங்கள் பெரிதும் குறையும்.